யானைமலை ஏன் படத்தில் சிறுத்துப்போகிறது? வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மேலூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும், உடன் அனுப்பிய ஆறு படங்களும் கிடைத்தன. கேனான் 1500டி கேமராவையும் அதனோடு வந்த 18-55 லென்ஸையும் (இந்த எண்கள் மி.மீ.-இல் குவியத் தூரம்; எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தூரத்துப் பொருள் பெரிதாகும்) வைத்துக்கொண்டு எட்டு மாதமாகப் படம் எடுத்து வருகிறீர்கள். பாடம் சொல்லப் பள்ளிக்குப் போகும்போது தினமும் பஸ் ஜன்னல் வழியே பார்க்கிற, மதுரைப் பக்கத்து யானைமலை, நேரில் தெரிகிற கம்பீரத்தோடு ஒருமுறைகூடப் படத்தில் வரவில்லை என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். இயற்கைக் காட்சிக்கு, அகன்ற கோணத்தில் பார்க்கிற வைட் ஆங்கிள் லென்ஸ்தான் வேண்டும் என்று பலரும் சொல்வதால், சேர்த்து வைத்திருக்கும் 20,000 ரூபாய்க்குள் மூன்று லென்ஸ்களில் ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள். ஒன்று கேனான் 10-18. இரண்டாவது செகண்ட் ஹேண்டில் வரும் டோக்கினா 11-16; மூன்றாவது, பிற்காலத்தில் ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கும் (ஒளியைப் பதிகிற சென்சார் பெரிதாக உள்ள கேமரா) ஆகும் என்று உங்கள் நண்பர் சொல்கிற பழைய கேனான் 17-40.

இந்த மூன்றுக்குள்தான் ஒன்றை எடுக்க வேண்டும் என்றால் 10-18 லென்ஸை எடுங்கள். ஆனால் யானைமலைக்காக அதை வாங்காதீர்கள். வாங்கினால் யானைமலை இப்போது இருப்பதைவிடவும் சிறுத்துப்போகும், உங்கள் வருத்தமும் கூடும். இதை முதலில் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் பணத்தைத் தவறாகச் செலவிடுவது இந்த இடத்தில்தான்.

ஒத்தக்கடைக்குப் பக்கத்து வரப்பில் நின்று எடுத்த உங்கள் மூன்றாவது படத்தைப் பாருங்கள். 18 மி.மீ. குவியத் தூரத்தில் எடுத்திருக்கிறீர்கள். மலை படத்தின் அகலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. மேலே பாதிக்கு மேல் வெளுத்த வானம், கீழே வெறும் பசுமை. அதே வரப்பில், அதே இடத்தில் நின்று 10 மி.மீ. லென்ஸில் எடுத்தால் மலையின் நீளம் இப்போதிருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகமாக இருக்கும்; பரப்பில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும். லென்ஸ் அகலமாகப் பார்க்கிறது என்பதற்கு, கூடுதலான காட்சியை அதே சட்டத்துக்குள் அடைக்கிறது என்றுதான் பொருள். அடைக்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் சுருக்கித்தான் ஆக வேண்டும். மாறாக, அதே வரப்பில் நின்று உங்கள் லென்ஸை 55-க்குத் திருப்பியிருந்தால் மலை மூன்று மடங்கு பெரிதாகி, தும்பிக்கையை நீட்டிப் படுத்த யானையாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறைந்திருக்கும். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே பாறை அது. அதன் பெருமை அந்த நீண்ட முதுகில் இருக்கிறது, அந்த முதுகைக் காட்டச் சற்று விலகி நின்று நீண்ட லென்ஸால்தான் எடுக்க வேண்டும்.

நேரில் ஏன் அது பெரிதாகத் தெரிகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாம் மலையைப் பார்க்கும்போது மலையை மட்டுமே பார்க்கிறோம். மின்கம்பி, விளம்பரப் பலகை, காலடியில் கிடக்கிற வெற்று மண் ஆகியவற்றை மனம் தானாகவே ஒதுக்கிவிடுகிறது. கேமரா அப்படி ஒதுக்காது, எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துப் பதிந்துவிடும். ஆகவே ஒதுக்குகிற வேலையை நாம்தான் செய்ய வேண்டும், அதற்குக் குறுகிய கோணம்தான் துணை.

அப்படியானால் வைட் ஆங்கிள் லென்ஸ் எதற்கு? பக்கத்தில் இருக்கிற பொருளுக்கு. தூரத்தில் இருப்பதை அது சிறிதாக்குகிற அதே வேளையில், ஓரடி, ஒன்றரையடித் தூரத்தில் இருக்கிற ஒன்றை நாம் நெருங்கிச் சென்று பெரிதாக்கிக் காட்ட இடம் கொடுக்கிறது. அந்தப் பெரிய பொருளுக்கும் அந்தச் சிறிய மலைக்கும் நடுவே கிடக்கிற வெளிதான் படத்துக்கு ஆழத்தைத் தருகிறது.

சென்ற ஆண்டு புரட்டாசியில் வாடிப்பட்டிப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள் இறங்கினேன். வண்டல் காய்ந்து வெடித்து, ஒவ்வொரு பாளமும் ஓரங்களில் மேல்நோக்கிச் சுருண்டு, வெயிலில் காயப்போட்ட வடகம் போலக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் வெளுத்துப்போன நத்தை ஓடு ஒன்று. அதற்குப் பக்கத்தில், மண் ஈரமாக இருந்தபோது கொக்கு நடந்துபோன தடம். வடக்கே சிறுமலை. நின்றவாக்கில் 10 மி.மீ. லென்ஸால் முதலில் எடுத்த படத்தில் வெடிப்புகளெல்லாம் சிமெண்டுத் தரையில் விழுந்த கீறல்களாகச் சிறுத்துவிட்டன, சிறுமலை ஒரு நீலக் கோடாகப் போய்விட்டது. பிறகு மண்டியிட்டு, கேமராவைத் தரையிலிருந்து ஒன்றரையடி உயரத்துக்கு இறக்கி, அந்த நத்தை ஓடு கிடந்த வெடிப்புக்கு இரண்டடித் தூரத்தில் வைத்தேன். மலை அதே அளவில்தான் இருந்தது. ஆனால் அந்த வெடிப்பு படத்தின் கீழ் மூலையில் கைப்பிடி அகலத்துக்கு வாய் திறந்து, வாய்க்காலைப் போல வளைந்து வளைந்து மெலிந்து சென்று மலையடிவாரத்தில் முடிந்தது. பார்க்கிறவர் கண்ணும் அதே வழியில் நடந்துபோய் மலையைச் சேர்ந்தது. முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே நான் லென்ஸை மாற்றவில்லை, ஓர் எட்டு முன்னே வைத்து மண்டியிட்டேன், அவ்வளவுதான்.

உங்கள் ஆறு படங்களில் ஒன்றில்கூட நான்கு அடிக்குள் எந்தப் பொருளும் இல்லை. எல்லாமே நின்ற உயரத்தில், கண்மட்டத்தில் எடுத்தவை. இந்தப் பழக்கத்தோடு 10 மி.மீ. லென்ஸ் கைக்கு வந்தால் கிடைப்பது பாதி வானமும் பாதி வெறுந்தரையும் நடுவில் ஒரு கோடும்தான். அதனால்தான் லென்ஸைப் பற்றிப் பேசும் முன் நிற்கும் இடத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

இனி அந்த மூன்று லென்ஸ்களுக்கு வருகிறேன். உங்கள் கேமராவில் இருப்பது ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார். இரண்டையும் ஒப்பிட, கேனானைப் பொறுத்தவரை குவியத் தூரத்தை 1.6 என்ற எண்ணால் பெருக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் 18 மி.மீ., ஃபுல் ஃப்ரேம் கேமராவில் சுமார் 29 மி.மீ. காட்டுகிற அகலத்தைக் காட்டும், 10 மி.மீ., 16 மி.மீ.-க்குச் சமம். கோணமாகச் சொன்னால், 18-இல் பக்கவாட்டில் சுமார் 64 பாகை தெரியும், 10-இல் 96 பாகை தெரியும். அந்த 32 பாகைக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

இப்படிப் பார்த்தால் 17-40 உடனே விலகிவிடுகிறது. அது நல்ல லென்ஸ், உறுதியானது, ஃபுல் ஃப்ரேமில் வைட் ஆங்கிளாகவே வேலை செய்யும். ஆனால் உங்கள் கேமராவில் 17 மி.மீ. என்பது இப்போதிருக்கும் 18-ஐவிட மூன்று பாகைதான் கூடுதல். கையில் ஏற்கெனவே இருக்கிற அகலத்தையே மறுபடி விலைக்கு வாங்குகிறீர்கள். எப்போதோ வாங்கப்போகிற கேமராவுக்காக இப்போது லென்ஸ் வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்த நாள் வரும்போது கேனானின் மவுண்ட்டே (லென்ஸ் மாட்டும் வளையம்) மாறியிருக்கலாம், இப்போதே பெரும்பாலும் மாறிவிட்டது.

டோக்கினா 11-16 வேறு வகை. அதன் சிறப்பு எஃப் 2.8 அப்பர்ச்சர், அதாவது ஒளி புகும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிதாகும். 10-18 தன் அகன்ற முனையில் எஃப் 4.5 வரைதான் திறக்கும். டோக்கினா அதைப்போல இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். மேகமலையிலோ கொடைக்கானலின் மேல்மலைக் கிராமங்களிலோ இருட்டில் நின்று பால்வீதியை எடுக்க ஆசைப்பட்டால் அந்த ஒளி பொன்னுக்குச் சமம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரவு வானம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விடியலிலும் அந்தியிலும் மலையும் வயலும் எடுக்கிறவர் முக்காலியில் கேமராவை வைத்து எஃப் 8, எஃப் 11 என்று மூடித்தான் எடுப்பார், 2.8 அங்கே சும்மா இருக்கும். டோக்கினா அரைக் கிலோவுக்கு மேல் எடை, கை நடுக்கத்தைத் தணிக்கிற ஸ்டெபிலைசர் கிடையாது, சூரியன் சட்டத்துக்குள் வந்தால் ஒளிச்சிதறல் எளிதாக விழும்.

கேனான் 10-18 லென்ஸ் 2014-இல் வந்தது. எடை 240 கிராம். ஸ்டெபிலைசர் உண்டு. முன்பக்க ஃபில்டர் அளவு 67 மி.மீ. மவுண்ட் பகுதி பிளாஸ்டிக் என்று சிலர் குறை சொல்வார்கள். இவ்வளவு எடை குறைந்த லென்ஸுக்கு அது குறையாக எனக்குப் படவில்லை. சமணர் மலைப் படிகளில் ஏறும்போது தோளில் தொங்குவதே தெரியாது என்பது தொடக்கக்காரருக்குப் பெரிய வசதி, ஏனென்றால் எடை கூடிய லென்ஸ் மெல்ல மெல்ல வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். இது ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் (உங்களுடையது போல உள்ளே ஆடி வைத்த கேமரா) பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கேனானின் புதிய, ஆடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராக்களில் அடாப்டர் வைத்துப் பயன்படுத்தலாம்.

எதை வாங்கினாலும் செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் தயவுசெய்து சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவரிடம் ஒரு வைட் ஆங்கிள் லென்ஸை வாங்கி, கடை வாசலில் இரண்டு படம் எடுத்துப் பார்த்துத் திருப்தியாகி, நேரே மேகமலைக்குப் போய்விட்டேன். மூன்று நாள் அலைந்து எடுத்த அத்தனை படங்களிலும் வலது ஓரம் குழைந்திருந்தது. உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருந்திருக்கிறது. எப்போதோ கீழே விழுந்த லென்ஸ். விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். பணத்தைவிட அந்த மூன்று விடியற்காலைகள் போனது இன்னும் எனக்கு ஆறவில்லை.

இதற்கான சோதனை எளிது. லென்ஸை உங்கள் கேமராவில் மாட்டி, எஃப் 5.6 வைத்து, தூரத்தில் இருக்கிற ஒரு செல்போன் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை வைத்து நான்கு படம் எடுங்கள். திரையில் முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலைகள் நடுப்பகுதியைவிடச் சற்று மங்கலாக இருப்பது இயல்பு. நான்கும் ஒரே அளவு மங்கலாக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் மோசமாக இருந்தால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, லென்ஸைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசு பெரிதில்லை. சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அப்பர்ச்சர், ஃபோகஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 10 மி.மீ.-இல் எஃப் 11 வைத்து இரண்டரை அடித் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் ஒன்றரை அடியிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். உங்களிடம் இப்போதிருக்கும் லென்ஸிலேயே 18 மி.மீ.-இல் எஃப் 11 வைத்து ஐந்தரை அடியில் ஃபோகஸ் செய்தால் ஏறத்தாழ மூன்று அடியிலிருந்து தெளிவு கிடைக்கும். எல்லாம் தெளிவாக வரட்டும் என்று எஃப் 22 வரை மூடாதீர்கள். துளை மிகச் சிறிதானால் ஒளி வளைந்து பரவி, படம் முழுவதுமே கொஞ்சம் குழைந்துவிடும்.

மினுக்கத்தைத் தணிக்கிற போலரைசர் ஃபில்டரை வைட் ஆங்கிள் லென்ஸில் மாட்டி நீல வானம் எடுத்தால் வானத்தின் ஒரு பகுதி கருநீலமாகவும் மற்ற பகுதி வெளிறியும் திட்டுத்திட்டாக வரும்; சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அதன் வேலை அதிகம், இந்த லென்ஸோ அந்தத் திசையோடு மற்றத் திசைகளையும் சேர்த்து அள்ளுகிறது. தாமரை இலையிலும் ஈரப் பாறையிலும் மினுக்கத்தைக் குறைக்க அதை வைத்துக்கொள்ளுங்கள், வானத்துக்கு வேண்டாம்.

பனைமரங்கள் உள்ளே சாய்ந்து விழுவது போல வந்திருக்கிற உங்கள் ஐந்தாவது படத்துக்குக் காரணம், கேமராவை மேல்நோக்கி அண்ணாந்து பிடித்ததுதான். 18-இலேயே இவ்வளவு சாய்கிறது என்றால் 10-இல் இன்னும் அதிகம் சாயும். கேமராவைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள்; கீழே கூடுதலாக வந்த தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். ஓரங்களில் மனிதர்களை நிறுத்தாதீர்கள், முகம் இழுபட்டுவிடும்.

வானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் வானம் பால் வெளுப்பாக, ஒன்றுமில்லாமல் கிடக்கும். அந்த மாதங்களில் வைட் ஆங்கிள் லென்ஸ் உங்களுக்கு வெறும் வெளுப்பைத்தான் பாதிப் படத்துக்குத் தரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் கூடி, கண்மாய்களில் தண்ணீரும் ஏறியிருக்கும்போது அந்த லென்ஸ் முழு மதிப்பையும் கொடுக்கும். லென்ஸ் வாங்க அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதுவரை அகலம் வேண்டும் என்று தோன்றினால் காசில்லாமல் ஒரு வழி இருக்கிறது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, 18 மி.மீ.-இல், எக்ஸ்போஷரையும் (ஒளி அளவு) ஃபோகஸையும் மாறாமல் பூட்டிவைத்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்கு மேல் படியும்படி இடமிருந்து வலமாக நான்கு படங்கள் எடுத்துக் கணினியில் ஒட்டினால், 10 மி.மீ. காட்டுவதைவிட அகலமான காட்சி கிடைத்துவிடும். தூரத்து மலைத்தொடருக்கு, உதாரணமாக நாகமலையின் நீண்ட முதுகுக்கு, இது லென்ஸ் வாங்குவதைவிட நல்ல வழி என்பேன். பக்கத்தில் பொருள் இருந்தால் மட்டும் ஒட்டுமிடத்தில் பிசிறும். காற்றில் ஆடுகிற நாற்றும் அப்படியே. ஆகவே அருகில் ஒன்றை வைத்து எடுக்கிற படத்துக்குத்தான் வைட் ஆங்கிள் லென்ஸ் தவிர வேறு வழியில்லை, அப்படிப்பட்ட படத்தை நீங்கள் விரும்பி எடுப்பீர்களா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு இப்படிச் செய்யுங்கள். லென்ஸின் ஜூம் வளையத்தை 18-இல் வைத்து, நகராதபடி சிறு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்குயில்குடிக்குப் போங்கள். சமணர் மலை அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் ஆலமரங்களும் தாமரைக் குளமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் ஒளி தாழ்வாக இருக்கும். மலை மேலுள்ள சமணச் சிற்பங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை என்பதால் அங்கே முக்காலி வைக்கும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். குளக்கரையில் கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கி, மூன்று, நான்கு அடிக்குள் ஏதாவது ஒன்று, ஒரு தாமரை இலையோ ஆலம் விழுதோ படித்துறையின் முதல் படியோ, கட்டாயம் இருக்கும்படி மட்டுமே படம் எடுங்கள்.

நான்கு வாரம் கழித்து எல்லாப் படங்களையும் பார்க்கும்போது, இன்னும் நெருங்க வேண்டும், நெருங்கினால் மலை வெட்டுப்படுகிறது என்று அடிக்கடி தோன்றியிருந்தால் 10-18 லென்ஸைத் தயக்கமில்லாமல் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் டேப்பைப் பிய்த்துவிட்டு 55-க்குத் திருப்பக் கை துடித்திருந்தால், உங்கள் கண் தூரத்தைத் தேடுகிற கண். அதே 20,000 ரூபாய்க்குள் கேனான் 55-250 லென்ஸைப் பாருங்கள். பஸ் ஜன்னலில் நீங்கள் தினமும் பார்க்கிற யானைமலை அதற்குள் முழுசாக வந்து உட்காரும். எந்த முடிவாக இருந்தாலும், அந்தக் குளக்கரைப் படங்களில் உங்களுக்குப் பிடித்த மூன்றை எனக்கு அனுப்பிவையுங்கள்.